உங்களுக்குத் தெரியுமா? பூவில் எடுத்த இனிப்பு

பெருநாள் வட்டிலப்பத்தில் ஒரு பூ

பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்காத வீடு அக்கரைப்பற்றில் குறைவு. முட்டை, தேங்காய்ப்பால், ஏலம், கருப்பட்டி. அந்தக் கருப்பட்டி கித்துளில் வந்ததென்றால், சட்டியின் இனிப்பு முழுவதும் ஒரு காட்டுமரத்தின் பூங்குலை தந்த இனிப்பு. கித்துளின் இளம் பாளையைச் சீவி, வடியும் சாற்றை முட்டியில் ஏந்துகிறார்கள். பூவும் காயுமாகச் செலவாக வேண்டிய சர்க்கரை அங்கே சாறாக இறங்கிவிடுகிறது. சாறு புளிக்காமல் இருக்க முட்டிக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டு ஒன்றைப் போட்டு வைப்பது கித்துள் சீவும் கிராமங்களின் வழக்கம். காய்ச்சினால் பாணி, மேலும் வற்றவிட்டு இறுக்கினால் கருப்பட்டி.

கொட்டியாரத்தில் பிடிபட்டவர் எழுதியது

மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டவர் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். ஏறத்தாழ 19 வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, தப்பிப் போய், 1681இல் லண்டனில் தம் நூலை வெளியிட்டார். அதில் கித்துளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதன் சாற்றைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்கிறார்கள், கைதேர்ந்தவர்கள் அதை நல்ல வெள்ளைச் சீனிக்குக் கிட்ட வரும்படி வெளுப்பாகவும் செய்வார்கள் என்பது அவர் குறிப்பு.

சாறு வேண்டாம், பூவையே தின்னலாம்

கித்துளில் பூ மலருமுன் நாம் முந்திக்கொள்கிறோம். இலுப்பையில் அந்த அவசரம் இல்லை. அது பூத்து, தன் வேலையை முடித்து, இனிப்பான பாகத்தைத் தானே கீழே போட்டுவிடுகிறது.

இலுப்பை மரத்தடிக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கிளை நுனிகளில் துருநிற மொட்டுகள் கொத்தாகத் தலைகீழாய்த் தொங்கும். தரையில் கிடப்பவை இளமஞ்சள் கலந்த வெள்ளை மணிகள். விரலால் எடுத்தால் பூவின் மென்மை இல்லை, சதைப்பிடிப்பான தோல். உள்ளே குடைவு, அந்தக் குடைவைச் சுற்றி மகரந்தத் தாள்கள் மயிர்போல ஒட்டியிருக்கும். மெல்ல நசுக்கினால் பிசுபிசுவென்று சாறு வரும். மணம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். கனமான, கொஞ்சம் எலிவாடை கலந்த மணம். வாயில் போட்டால் முதலில் தித்திப்பு, பின்னால் ஒரு மெல்லிய துவர்ப்பு.

பொறுக்கினால் காய் குறையாதா?

குறையாது. உதிர்வது இதழ்க்குழல் மட்டும். சூலகம் நீண்ட தன் சூல்தண்டோடு காம்பிலேயே நிற்கும், பிறகு அதுதான் காயாகும். எனவே விழுந்த பூவை ஒன்றுவிடாமல் பொறுக்கினாலும் அந்த வருடத்து இலுப்பைக்கொட்டை குறைவதில்லை. ஒரே மரம் ஒரே பருவத்தில் இனிப்பையும் எண்ணெயையும் தருகிறது. பூவைப் பறித்தால் காய் போய்விடும் என்ற கணக்குக்கு உட்படாத மரங்கள் அதிகமில்லை. இலுப்பையைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்தால்தான்.

இந்த இனிப்பு யாருக்காக?

நமக்காக அல்ல, வௌவாலுக்காக. இலுப்பைப்பூ இரவில் முதிர்கிறது. பழந்தின்னி வௌவால்கள் அந்தச் சதைப்பூவைத் தேடி வந்து, கொத்துக்குக் கொத்து தாவும்போது மகரந்தத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரவுப் பந்தியில் மிஞ்சியது விடிகாலையில் நமக்கு.

பழைய விவசாயிகள் இதிலும் ஒரு லாபம் பார்த்தார்கள். வயலோரமும் குளத்தோரமும் நின்ற இலுப்பையை வெட்டாமல் விட்டார்கள். பூவுக்கும் பழத்துக்கும் வரும் வௌவாலின் எச்சமும் உதிரும் இலையும் வயலுக்குப் பசளை. சிங்கள விவசாயிகளுக்கு இது ‘மீ’ மரம். அவர்களிடமும் இதே அறிவு இருந்தது.

எவ்வளவு சர்க்கரை?

காய்ந்த இலுப்பைப்பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கரும்புச் சீனி பெரும்பாலும் சுக்குரோசு என்ற ஒரே வகை. இலுப்பைப்பூவில் குளுக்கோசும் புருக்டோசும் முன்னே நிற்கும், சுக்குரோசு கொஞ்சம். தேனின் சேர்க்கைக்குக் கிட்டியது இது. பூவைக் காய்ச்சினால் நல்ல பாணி கிடைத்தும், சீனிபோல மணிமணியாகப் பிரித்தெடுப்பது கடினமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இயற்கை இனிப்பு என்பதால் சீனி வியாதிக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளுக்கோசு பூவில் வந்தாலும் குளுக்கோசுதான்.

ஆலை உள்ள ஊர் நாங்கள்

‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற பழமொழியை எல்லோரும் அறிவோம். எங்கள் மாவட்டத்துக்கு அது பொருந்தாது. கல்லோயாத் திட்டத்தோடு வந்த ஹிங்குரான சீனித் தொழிற்சாலை அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறது. இடையில் பல வருடம் பூட்டிக் கிடந்து திரும்பவும் இயங்கத் தொடங்கியது. இந்தப் பக்கத்து விவசாயிகள் நெல்லோடு கரும்பும் வைத்தவர்கள்.

பழமொழி இலுப்பைப்பூவை இரண்டாம் இடத்தில் வைக்கிறது. சர்க்கரை கிடைக்காதபோது இது போதும் என்கிற தொனி. ஆனால் பூவைச் சமைத்துச் சாப்பிட்ட மக்களின் சமையலைப் பார்த்தால், சர்க்கரையின் இடத்தை நிரப்ப மட்டும் அவர்கள் அதை எடுக்கவில்லை என்பது தெரியும். அது அவர்களுக்கு உணவாகவும் பழமாகவும் தின்பண்டமாகவும் இருந்தது. ஆலை இருக்கும் ஊரிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது என் எண்ணம்.

இறாலைப் பார்த்து இலுப்பையை நினைத்தவர்

சங்கப் பாடல்களில் இது ‘இருப்பை’. நற்றிணையின் 111ஆம் பாட்டு நெய்தல் நிலத்துப் பாட்டு. அதில் புலவர், வலையில் விழும் இறாலுக்குப் பாலைவழியில் கிடக்கும் இருப்பைப் பூவை உவமை சொல்கிறார். மீசை நீண்ட தலை, வெளிறிய வளைந்த உடல்: இறால் கூடையையும் இலுப்பையடியையும் ஒருங்கே பார்த்த கண்ணுக்குத்தான் அது தோன்றும். கடலும் காடும் பக்கம்பக்கமாக இருக்கும் எங்கள் கரையில் அந்த உவமை உடனே பிடிபடும்.

அகநானூற்றுப் பாட்டொன்று இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. இருப்பைப் பூவைக் கரடிகள் தின்கின்றன. அவை தின்று மிஞ்சியதைப் பெண்கள் மூங்கில் குழாயில் சேர்த்துக்கொண்டு குன்றத்துச் சிற்றூரின் தெருத்தெருவாய்த் திரிகிறார்கள். ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முன் இந்தப் பூ ஊருக்குள் வந்த உணவுப் பண்டம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

கரடிக் கதை இன்றும் மாறவில்லை. மத்திய இந்தியக் காடுகளில் பூப் பொறுக்கப் போகிறவர்கள் இருட்டோடு மரத்தடிக்குப் போகிறார்கள், கரடியும் அதே நேரத்தில் வருகிறது. பருவந்தோறும் ஆட்கள் காயப்படும் செய்தி வராமல் இருப்பதில்லை.

அத்திப்பழத்துக்குப் பதிலாக

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்து, பாவா ஆதம் மலைக்கு ஏறிப் போனவர் என்பது எம்மவர் பலருக்கும் தெரியும். அவர் டில்லிப் பக்கம் இருந்த காலத்தில் இலுப்பையின் வடநாட்டு இனமான மகுவாவைத் தின்று பார்த்து அதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது அவ்வளவாகத் தெரியாது. திராட்சையின் சுவை, அதிகம் தின்றால் தலையிடி, வெயிலில் காயவைத்தால் அத்திப்பழச் சுவை என்கிறார். இந்தியாவில் அத்திப்பழம் கிடைக்காததால் அதற்குப் பதிலாக இதைத் தின்றாராம். கொட்டையில் விளக்கெண்ணெய் எடுப்பதையும் கவனித்திருக்கிறார். எல்லாவற்றையும் அவர் பழம் என்றே நினைத்தாலும், திராட்சை அளவில் உள்ளே குடைவாக இருந்தது என்று அவர் விவரிப்பது பூவைத்தான்.

சமைப்பது எப்படி?

இதற்கு முதல் வேலை சுத்தம். விழுந்த அன்று காலையிலேயே, வெயில் ஏறுமுன் பொறுக்கவேண்டும். மண் ஒட்டியதைத் தள்ளி, பாயில் ஒற்றைப் படையாய்ப் பரப்பி நல்ல வெயிலில் சில நாள் காயவிட வேண்டும். வெள்ளை மணி மெல்ல மெல்லச் செம்பழுப்பாகும், தோல் சுருங்கும். நன்றாய்க் காய்ந்த பூவைப் பார்த்தால் முந்திரிகை வத்தல் என்றே நினைப்பீர்கள். பிறகு கையால் கசக்கி, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களை உதிர்த்துப் புடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் இலுப்பைப்பூ தொண்டையைக் கரகரக்கச் செய்கிறது என்பார்கள். அடுத்தது வறுப்பது. எண்ணெய் விடாமல், அடிகனத்த சட்டியில், மெல்லிய நெருப்பில். பூ உப்பி, நிறம் கறுக்கத் தொடங்கும்போது அந்த எலிவாடை போய் கருப்பட்டி காயும் மணம் எழும். அந்த இடத்தில் இறக்கவேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் சர்க்கரை கருகிக் கசக்கும்.

மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியில் வறுத்த பூவையும் வறுத்த எள்ளையும் ஒன்றாக உரலில் இடிப்பார்கள். முர்கா என்று பெயர். அதற்குச் சீனியும் வேண்டாம், பாகும் வேண்டாம். எள்ளின் எண்ணெயும் பூவின் பிசுபிசுப்பும் சேர்ந்தே உருண்டை பிடிபடும். எங்கள் எள்ளுருண்டைக்கு அது மூத்த உறவு. பூவோடு வறுத்த கடலையையோ தானியத்தையோ இடித்துச் செய்வது லட்டா. ஜார்க்கண்ட், பீகார்ப் பக்கங்களிலும் இதுதான் வெளியூருக்குக் கட்டுச்சோறு. காய்ந்த பூவைத் தண்ணீரில் மெல்ல வேகவிட்டு, தன் பாகிலேயே ஊறவிட்டு, நிலக்கடலையோ சாரைப்பருப்போ சேர்த்துத் தின்பது டுப்ரி.

பாணி வேண்டுமா? தாள் நீக்கிய காய்ந்த பூ ஒரு கோப்பைக்கு மூன்று கோப்பைத் தண்ணீர் விட்டு அவித்து, மசித்து, துணியில் பிழிந்து, வடிந்ததை மீண்டும் அடுப்பில் வைத்து வற்றவிடுங்கள். கரண்டியில் ஒட்டிக் கனமாய் வழியும் பதத்தில் இறக்கலாம். கித்துள் பாணியைவிடச் சற்றுப் புளிப்பும் துவர்ப்பும் இருக்கும். தயிருக்கும் தேங்காய்ப்பால் விட்ட சோற்றுக்கும் அந்தத் துவர்ப்பு நன்றாகப் பொருந்தும். வட்டிலப்பத்துக்குக் கித்துளே மேல், அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சாராயப் பூ என்ற பெயர்

இந்தியாவில் மகுவா என்றதும் பலருக்கு நினைவு வருவது சாராயம். சர்க்கரையும் ஈரமும் நிறைந்த பூ, ஒரு நாள் குவித்து வைத்தாலே புளிக்கத் தொடங்கிவிடும். எங்களைப் போன்ற முஸ்லிம் ஊர்களில் யாரும் தயங்கினால் அது நியாயமான தயக்கம். ஆனால் பூவில் போதை இல்லை, பூவைப் புளிக்கவிட்டால்தான் போதை. திராட்சைக்கும் ஈத்தம்பழத்துக்கும் பொருந்தும் அதே நியாயம். பொறுக்கிய அன்றே காயப்போடுவது ருசிக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

ஒரு பூவைத் தடுத்த சட்டம்

பிரித்தானிய ஆட்சியில் பம்பாய் மாகாணத்தில் 1892இல் மௌரா சட்டம் வந்தது. தானா, கொலாபா மாவட்டங்களில் மகுவாப் பூவை வைத்திருப்பதையும் விற்பதையும் அது கட்டுப்படுத்தியது. அரசுக்கு வருமானம் தரும் சாராயத்துக்குப் போட்டியாக வீட்டில் வடிப்பார்கள் என்பது காரணம். அந்தப் பூவைச் சோறாகத் தின்ற ஏழைக் குடும்பங்களின் அடுப்பையும் அதே சட்டம் தொட்டது.

அதற்கு முந்திய இருபது வருடத்துக்குள்தான் பீகாரில் 1873, 1874 பஞ்சம் நடந்திருந்தது. அந்தப் பருவத்தில் மகுவா ஏராளமாய்ப் பூத்ததால் ஆயிரக்கணக்கான ஏழைகள் பட்டினிச் சாவிலிருந்து தப்பினார்கள் என்று ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தரையில் விழாத பூ

சருகுக்குள் விழுந்த பூ கண்ணுக்குத் தெரியாது. அதனால் மத்திய இந்தியாவில் பருவம் தொடங்குமுன் மரத்தடிச் சருகைக் கொளுத்திவிடும் பழக்கம் உண்டு. அந்த நெருப்பு தவறினால் காடே எரியும். இப்போது சத்தீஸ்காரிலும் மத்தியப் பிரதேசத்திலும் மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். பூ வலையில் விழுகிறது, மண் படுவதில்லை, நெருப்பும் தேவையில்லை. அப்படிச் சுத்தமாய் எடுத்த பூவுக்கு விலையும் கூட. சத்தீஸ்காரின் கோர்பா காட்டுப் பூ உலரவைத்து 2021இல் பிரான்சுக்கு ஏற்றுமதியானது. வலை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இருக்கும் பொருள்.

ஊர்ப் பெயர்களில் நிற்கும் மரம்

மட்டக்களப்பில் இலுப்படிச்சேனை, மன்னாரில் இலுப்பைக்கடவை, வன்னியில் இலுப்பைக்குளம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இலுப்பைப்பட்டு. அங்குள்ள சிவன் கோயிலின் தலமரமும் இலுப்பைதான்.

நெல்லிலும் பூ

தமிழ்நாட்டின் பழைய நெல்வகைகளில் ஒன்றுக்கு இலுப்பைப்பூச் சம்பா என்று பெயர்.

எண்ணெய் வேறு, புண்ணாக்கு வேறு

இலுப்பெண்ணெய் கோயில் விளக்குக்கும் மூட்டு வலிக்கும் போனது எல்லோரும் அறிந்தது. சத்தீஸ்காரின் பஸ்தர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதே கொட்டையெண்ணெயில் சமைக்கவும் செய்கிறார்கள். ஆனால் எண்ணெய் எடுத்த புண்ணாக்கை வாயில் வைக்கக்கூடாது. அதில் சப்போனின் என்ற நஞ்சு உண்டு. தண்ணீரில் கரைத்தால் மீன் செத்து மிதக்கும். முன்பு தலைமுழுக அரப்பாகப் பயன்பட்டதும் அந்தச் சப்போனினின் நுரையால்தான். பூவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடலாம், புண்ணாக்கை அப்படியே போடாதீர்கள்.

தரங்கம்பாடியிலிருந்து போன பெயர்

ஐரோப்பிய அறிவியல் நூலில் இந்த மரம் ஏறியது 1771இல், தாவரவியலாளர் லின்னேயசின் கையால். பஸ்ஸியா லொங்கிபோலியா என்பது அப்போதைய பெயர். பஸ்ஸியா என்ற பேரினப்பெயரைக் கொடுத்தவர் தரங்கம்பாடியில் இருந்து தமிழகத் தாவரங்களைத் தேடித் திரிந்த யோகான் கேனிக். இன்றைய பெயரான மதுக்கா லொங்கிபோலியா 1918இல் வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிற்பது நீண்ட ஒடுங்கிய இலைக்காரி. மகுவா என்று வடக்கே சொல்வது அதன் அகன்ற இலைக்காரச் சகோதரி.

நடுவதற்கு ஆசை உள்ளவர்களுக்கு

இலுப்பைக்கொட்டையைப் போத்தலில் போட்டு வைத்து அடுத்த மாரிக்கு நடலாம் என்று நினைத்தால் முளைக்காது. அதன் உயிர்ப்பு விரைவில் போய்விடும். பழம் பழுத்து விழுந்ததும் சதையை நீக்கி, காயவிடாமல், சில நாளுக்குள்ளேயே பையில் ஊன்றிவிட வேண்டும். ஆணிவேர் வேகமாய் இறங்கும் மரம், எனவே ஆழமான பையாக எடுங்கள்; மழை தொடங்கியதும் நிலத்துக்கு மாற்றலாம். கன்றாய் இருக்கும்போது ஆடுமாடு கடிக்காமல் வேலி வேண்டும். வீட்டு வளவில் அல்ல, குளக்கட்டுக்குக் கீழேயோ வாய்க்கால் ஓரத்திலோ பள்ளிவாசல் காணியின் மூலையிலோ வைப்பதே நல்லது, மரம் பெரிதாய்ப் படரும். முதல் பூவைக் காணப் பத்து வருடமாவது ஆகும். வலையை அப்போது கட்டினால் போதும்.